மோட்டார் சத்தத்துக்குள்ளே

பல்லக்கா என்று கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்வதில்லை. பல் எடுப்பாக இருப்பதால் வந்த பெயர் அல்ல அது. அவளுடைய பல்வரிசை அளவானதுதான். பல் செட் செய்கிற கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள், அவ்வளவே. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் சுண்ணமாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வார்த்தெடுத்த செட் கடைசியாக அக்காவின் மேஜைக்கு வரும். ஓரத்தைத் தேய்த்து, ஈறில் உறுத்தாதபடி வழவழப்பாக்கி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள். மகள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகும் அதே ஸ்டூல்தான், மேலே போட்ட மெத்தைதான் மாறியிருக்கிறது.

சபையில் எல்லாரும் கண்ணை மூடிப் பாடும்போது அக்கா அடுத்தவர் வாயைப் பார்ப்பாள். வேலைப் பழக்கம். "முன் வரிசைப் பெரியவருக்கு மேல் செட் இறங்குது. அவர் அல்லேலூயா சொல்றப்ப எங்க கீழ விழுந்துடுமோன்னு இருக்கு," என்று வீட்டில் வந்து சொல்வாள். கணவர் சிரிக்காமல், "நீ பாட்டைக் கவனி," என்பார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருப்பதால் வீட்டில் வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிப்பார்.

அக்காவுக்கு ஜெபம் வராது. இதைச் சபையில் எல்லாரும் அறிவார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு முறை அவளை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். "ஆண்டவரே, நீர்..." என்றாள். அதோடு சரி. நீர் என்று அவள் வாழ்க்கையில் எந்த மனிதரையும் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை வாயில் வைத்ததுமே பேசுவது தான் அல்ல, வேறு யாரோ என்று ஆகிவிட்டது. பாஸ்டரம்மா பக்கத்திலிருந்து மெல்லக் கையைப் பிடித்து உட்கார வைத்து, மீதியைத் தானே முடித்தார். அதற்குப் பிறகு அவளுக்குக் கூட்டங்களில் நாற்காலி போடுகிற வேலையும் குவளை கழுவுகிற வேலையும் கிடைத்தன.

முயற்சி செய்யாமல் இல்லை. விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்றிருக்கிறாள்; நாற்காலியில் முகம் புதைத்துத் தூங்கிப்போய், கணவர் போர்வை போர்த்திவிட்டது தெரியாமல் விடிந்திருக்கிறது. உபவாசம் இருந்தால் பசி ஆண்டவரிடம் கொண்டுபோய் விடும் என்றார்கள். அவளை அது சண்டையிடம் கொண்டுபோய் விட்டது. மாலைக்குள் வீட்டில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்திருந்தாள். வேதத்தை எடுத்தால் யார் யாரைப் பெற்றார்கள் என்கிற வம்ச அட்டவணைதான் அவளுக்கென்றே திறக்கும்.

இப்படியிருந்தவளுக்கு ஒரு நாள் கூடத்தில், மோட்டார் ஓடும்போது, அது நடந்தது.

ஒரு கீழ் செட் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. போட்டுப் பார்த்தவர் உறுத்துகிறது என்பார். தேய்த்தனுப்பினால் ஆடுகிறது என்பார். சரிசெய்தால் மறுபடி உறுத்தும். முதலாளி அதைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டார். சொன்னது ஒன்றுமில்லை, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அது திட்டைவிட மோசம். அக்கா முகமூடியை ஏற்றி, கண்ணாடியை மாட்டி, பாலிஷ் மோட்டாரைப் போட்டாள். அந்த மோட்டார் போட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முதலாளிக்குக் காது பாதி போனதே அதனால்தான். அந்தச் சத்தத்தின் நடுவில் அவள் முகமூடிக்குள் வாய்விட்டுச் சொன்னாள்:

"ஆண்டவரே, முடிஞ்சா நீங்களே வந்து உட்கார்ந்து தேய்ங்க பாப்போம். நான் செஞ்ச பல்லை வெச்சு ஊரே மெல்லுது. எனக்குள்ள கெடக்கறத மெல்ல எனக்குத்தான் பல்லு இல்ல."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆண்டவரிடம் இப்படியா பேசுவது? ஆனால் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. எதிர் மேஜையில் குனிந்து வேலை பார்க்கிற ஒருவர், கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது போல. அவ்வளவுதான். வெளிச்சம் இல்லை, குரல் இல்லை. என்ன சொன்னாய், இன்னொரு தடவை சொல் என்று நிமிர்ந்து பார்க்கிற பார்வை. அக்கா மறுபடி சொன்னாள். அந்த மோட்டார் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று முதல் அதுவே அவளுடைய வழி. மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் பேச்சு. பெரிய விண்ணப்பம் ஒன்றும் கிடையாது. கேட்பதைவிடச் சொல்வதுதான் அதிகம். கணவர் முந்தின நாள் என்ன சொன்னார், என்ன சொல்லியிருக்க வேண்டும், மகள் போனில் குரல் ஏன் அப்படி இருந்தது, வீட்டு உரிமையாளர் குழாயைச் சரிசெய்யாமல் இழுத்தடிப்பது, பாஸ்டரின் பிரசங்கத்தில் எந்த இடத்தில் தூக்கம் வந்தது. சில நாள் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அதனாலென்ன, வேலை இருக்கும் என்று விட்டுவிடுவாள். பல நாள் பார்ப்பது தெரியும். மகள் பிரசவத்தில் கஷ்டப்பட்ட அன்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரே செட்டைத் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்கப் பார்வை அவளைவிட்டு நகரவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தது கிடையாது. சொன்னால் இது எங்கே உடைந்துவிடுமோ என்று ஒரு எண்ணம்.

சொன்னது ஒரே ஒருத்தியிடம். நாத்தனாரிடம்.

நாத்தனாரை வீட்டில் பாப்பா என்பார்கள். கடைக்குட்டி என்பதால் வைத்த செல்லப் பெயர், தலை நரைத்த பிறகும் போகவில்லை. கணவருக்குக் கப்பல் வேலை. வருடத்தில் பாதி வீட்டில் இருக்க மாட்டார். பாப்பாவுக்குச் சபைதான் வீடு. ஐக்கியத்தின் செயலாளர். எழுந்து நின்று ஜெபிக்க ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் கால் மாற்றிக்கொள்வார்கள். அத்தனை நீளம், ஆனால் அத்தனை அழகு. அவள் குரல் கம்மும் இடத்தில் மற்றவர்களுக்குக் கண் நிறையும். அக்காவுக்கு அவளைக் கண்டு பொறாமை கிடையாது. ஒரு வீட்டில் ஒருத்தர் பாடினால் போதும் என்று நினைப்பவள். இருவருக்கும் ஒட்டுதல் அதிகம். மருமகளாக வந்த நாளில் மாமியாரிடமிருந்து அக்காவைக் காப்பாற்றியது பாப்பாதான்.

ஒரு மதியம் பாப்பா வந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பாவும் உட்கார்ந்து ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். பிடித்தவள் மடிக்காமல் நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. நான் ஜெபம் பண்றப்ப எனக்கு என் குரல்தான் கேக்குது. வேற ஒண்ணுமே இல்ல. எத்தனையோ வருஷமா. மேடையில ஏறினா அழுக வருது, எறங்கினா வெறுமையா இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. பாப்பா அழுது அவள் பார்த்தது மேடையில்தான். வீட்டில், கையில் போர்வை முனையோடு அழுது பார்த்ததில்லை. தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. கொடுத்தாள். மோட்டார், முகமூடி, கீழ் செட், மெல்லுகிற பேச்சு, நிமிர்ந்து பார்க்கிற பார்வை, மகளின் பிரசவ நாள், எல்லாவற்றையும். சொல்லும்போது முகம் சூடானது. புதுப்பெண் தன் கணவனைப் பற்றித் தோழியிடம் சொல்வது போல ஒரு வெட்கம்.

"யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா."

"சத்தியமா அண்ணி. உங்க பேரை எடுப்பேனா?"

அந்த வருடப் பெண்கள் கூடுகையின் தலைப்பு தேவனோடு நெருங்கி வாழ்வது. சபைக் கூடம் நிரம்பி, வாசல் வரை நாற்காலி. அந்த நாற்காலிகளைப் போட்டது அக்கா. கடைசி வரிசையில் ஓரமாக, குவளை கழுவ எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தாள். பாப்பா தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தாள். வெளிர் நீலத்தில் புதுப் புடவை.

"சகோதரிகளே, நான் ஒரு ரகசியம் சொல்லப்போறேன். இத்தனை நாள் உங்க முன்னாடி நீளநீளமா ஜெபம் பண்ணினவ நான். ஆனா ஆண்டவரை நான் சந்திச்சது எங்க தெரியுமா? என் அடுப்படியில. மிக்ஸி ஓடறப்ப."

கூடம் கலகலத்தது. அக்காவும் சிரித்தாள். என்ன சொல்லப்போகிறாள் இவள் என்று ஆசையாக நிமிர்ந்தாள்.

"ஒரு நாள் மிக்ஸியப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குள்ள வாய்விட்டுச் சொன்னேன். ஆண்டவரே, நான் அரைச்சத வீடே சாப்பிடுது. எனக்குள்ள கெடக்கறத அரைக்க எனக்குத்தான் வழியில்ல. சொன்னேன். அப்போ..." குரல் கம்மியது. "அப்போ, அடுப்புப் பக்கம் வேலையா இருக்கற ஒருத்தர், கைய நிறுத்திட்டு, நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்துச்சு."

யாரோ விசும்பினார்கள். பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா உட்கார்ந்தபடியே இருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. தன் வீட்டுப் பாத்திரத்தைப் பக்கத்து வீட்டு அலமாரியில் பார்க்கிற மாதிரி, இது எங்கேயோ பார்த்ததாயிற்றே என்றுதான் முதலில் பட்டது. பிறகு காது அடைத்தது. அக்காவுடைய மகளின் பிரசவத்தைக்கூடப் பாப்பா விடவில்லை. அதைத் தன் கணவர் கப்பலில் புயலில் மாட்டிய நாளாக மாற்றியிருந்தாள். அன்று முழுக்கப் பார்வை தன்னைவிட்டு நகரவில்லை என்று அவள் சொன்னபோது கூடமே ஆமென் என்றது.

அக்கா எழுந்து போய்க் குவளைகளைக் கழுவினாள். சுத்தமாக இருந்தவற்றையும் கழுவினாள்.

பாப்பா பின்கட்டுக்கே தேடி வந்தாள். கன்னம் சிவந்து, மூச்சு வாங்க. "அண்ணி! எப்படி இருந்துச்சு? நல்லா வந்துச்சா?"

அதைக் கேட்ட முகத்தில் துளி குற்றவுணர்ச்சி இல்லை. இருந்திருந்தால் அக்கா ஏதாவது சொல்லியிருப்பாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மைக் கொஞ்சம் இரைஞ்சுது," என்றாள்.

மறுநாள் கூடத்தில் முகமூடியை ஏற்றி, மோட்டாரைப் போட்டாள். ஆண்டவரே என்றாள். அடுத்த சொல் வாய்க்கு வந்தபோது அது பாப்பாவின் குரலில் வந்தது. குரல் கம்முவதுகூட அதே இடத்தில். நிறுத்திவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தாள். அதுவும் சாட்சி மாதிரியே இருந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு இருந்ததுதான், ஆனால் அது நாற்காலி நிறையச் சகோதரிகள். எதிரில் நிமிர்ந்து பார்க்க ஒருவரும் இல்லை. மோட்டார் சத்தம் வெறும் மோட்டார் சத்தமாக இருந்தது. இத்தனை இரைச்சலிலா இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியம்.

எதிர் மேஜையில் நிஜ ஆள் ஒருவர் உண்டு, மெழுகில் பல் அடுக்குகிறவர். மெழுகுக்காரர் என்பார்கள். பேசாதவர். சில நாள் கழித்து அவரே கேட்டார்.

"என்னம்மா, பாட்ட நிறுத்திட்டீங்களா?"

"என்ன பாட்டு?"

"மோட்டார் போட்டா உங்க மாஸ்க் ஆடிக்கிட்டே இருக்குமே. பாடறீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப ஆடவே மாட்டேங்குது."

"தொண்டை சரியில்ல," என்றாள் அக்கா.

அந்த வாரம் இரண்டு செட்டை ஓரம் மெலிந்து போகும்வரை தேய்த்துக் கெடுத்தாள். முதலாளி பெருமூச்சு விடவில்லை, திட்டவே செய்தார். அது தேவலை என்று இருந்தது.

சபையில் இதற்குள் மிக்ஸி ஜெபம் என்று பேரே வந்துவிட்டது. பெண்கள் சந்தித்துக்கொண்டால், "இன்னிக்கு மிக்ஸி போட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டில் அரைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் மிக்ஸியை ஓடவிட்டு அது புகைந்து போனது என்று ஒரு கதை. ஞாயிறு ஆராதனையில் பாஸ்டரே அதை எடுத்துப் பேசினார். வெளியே வரும்போது முன் வரிசைப் பெரியவரின் மனைவி அக்காவின் தோளைத் தட்டினார்.

"நீயும் செஞ்சு பாரேன்மா. ஜெபத்துல நீதான் கொஞ்சம் பின்தங்கி இருக்க. சொந்த நாத்தனாரே இருக்கா, அவகிட்ட கத்துக்கிட்டா என்ன, கௌரவம் பாக்காத."

"சரிங்க," என்றாள் அக்கா.

அன்று நேரே பாப்பா வீட்டுக்குப் போனாள். பாப்பா சேலை மாற்றாமல் அடுப்படியில் நின்றிருந்தாள். மிக்ஸி மேடையில் துணி போட்டு மூடியிருந்தது.

"ஏன் பாப்பா அப்படிச் செஞ்ச?"

பாப்பாவுக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி நடிக்கவில்லை. அதற்காக மட்டும் அக்கா பிற்பாடு அவளுக்கு ஒரு மதிப்பெண் போட்டாள்.

"நீங்கதானே அண்ணி யார்கிட்டயும் சொல்லாதன்னீங்க? அதான் உங்க பேர எடுக்கல. எடத்தக்கூட மாத்திட்டேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வந்துச்சா?"

"நல்ல பேர் உனக்கு வந்துச்சு."

"நீங்க மேடையேறிச் சொல்லியிருப்பீங்களா? மாட்டீங்க. உங்க பல்லுப் பட்டறையோட அது போயிருக்கும். எத்தன பேருக்கு ஆறுதலா இருக்கு தெரியுமா? ஆண்டவர் கொடுத்தத மூடி வெச்சுக்கறது நல்லதா அண்ணி?"

"ஆண்டவர் உனக்கா கொடுத்தார்?"

பாப்பா மிக்ஸி மேல் கிடந்த துணியை எடுத்து, மடித்து, மறுபடி போட்டாள்.

"நானும் செஞ்சு பாத்தேன் அண்ணி. நீங்க சொன்ன மறுநாளே. கதவச் சாத்திட்டு, மிக்ஸியப் போட்டுட்டு, நீங்க சொன்ன மாதிரியே அவரை நீங்கன்னு கூப்பிட்டு, அழுதுகூடப் பாத்தேன். யாரும் வரல. மிக்ஸி சத்தம் மட்டும்தான். தெனமும் செஞ்சேன், அண்ணி. யாருமே நிமிந்து பாக்கல." குரல் கம்மவில்லை, தட்டையாக, கறிக்கடைக் கணக்குச் சொல்வது போல வந்தது. "ஆனா அன்னிக்கு மேடையில என்னோடதுன்னு சொன்னப்ப, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் சொன்னேன்."

அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது. வராமல் போனாரே என்று ஒரு சந்தோஷம். நல்லவேளை, அவராவது ஆளை மாற்றிக்கொள்ளவில்லை. அது அடங்கும் முன்பே அடியில் வேறொன்று திறந்தது. பாப்பா நின்றது அதே சத்தத்தில். சொன்னது அதே சொல். கேட்டதும் அழுதுதான் கேட்டாள். இவளுக்கு வராதவர் எனக்கு மட்டும் வந்தாரா? அல்லது எனக்கும் யாரும் வரவில்லையா? தலை சுற்றுகிற இரைச்சலில் கற்பனைக்கு ஒரு முகம் வைத்துக்கொண்டு, இத்தனை வருடம் முகமூடிக்குத்தான் பேசிக்கொண்டிருந்தேனா?

பாப்பா அவள் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா கையைக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று இழுத்துக்கொண்டதும் இல்லை. கை கொடுக்கிற நிலையில் இல்லை.

"அண்ணி, அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க."

"நீ காப்பாத்தாத சத்தியத்த நான் காப்பாத்தணுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பாப்பா அண்ணன் வீட்டுக்கு வருவது வழக்கம். அடுத்த ஞாயிறு வரவில்லை. ஆராதனைக்கும் தலைவலி என்று சொல்லிவிட்டிருந்தாள். கணவர் மூன்று தட்டு வைத்தார். அக்கா ஒன்றைத் திருப்பி எடுத்து வைத்தாள். அவர் பார்த்தார், கேட்கவில்லை. உட்கார்ந்தார்கள். அவர் கண்ணை மூடி, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம். ஆமென்."

பதிலுக்கு வர வேண்டிய ஆமென் வரவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஆமென் சொல்லல."

"சொல்ல மாட்டேன். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

"பாப்பாவோடயா?"

"அவளோடயும்தான். உங்க ஆண்டவரோடயும்."

கணவர் மற்றக் கண்ணையும் திறந்தார். பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பது போல ஒரு முறை அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அவரு எப்ப இருந்து எனக்கு மட்டும் ஆண்டவரானாரு?"

"எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லன்னா உங்களோடவர்தானே. ஏதாவது சொல்லணும்னா நீங்களே சொல்லிக்கோங்க."

"என்ன சொல்லணும்?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அவள் தட்டைப் பார்த்தபடி உடனே பதில் சொன்னாள். "நம்பினேன்னு சொல்லுங்க."

அவருக்கு விஷயம் விளங்கவில்லை. ஆனால் அவள் குரல் விளங்கியது. சோற்றிலிருந்து கையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "ஆண்டவரே, இவ உங்கள நம்பினாளாம்."

"எனக்குன்னு ஒண்ணும் தரலன்னாலும் பரவால்ல, என் பேச்சக் கேட்டுக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்னு சொல்லுங்க. மோட்டார் சத்தத்துக்குள்ள. இத்தன வருஷமா."

"ஆண்டவரே, இவ மோட்டார்..." அவர் நிறுத்திக் கண்ணைத் திறந்தார். "கூடத்துலயா? தெனமுமா பேசுவ?"

"தெனமும்."

"என்னப் பத்தியும் சொல்லுவியா?"

"முக்கால்வாசி உங்களப் பத்தித்தான்."

அவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "பாப்பாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லல."

"நீங்க கேக்கல."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. தனக்கு வைக்காமல் மற்றவர்களுக்கெல்லாம் பரிமாறியதைப் பார்த்தவர் முகம். பிறகு மெதுவாக, "அந்த மிக்ஸி," என்றார்.

"மிக்ஸிதான்."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்தார். தங்கையைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவள் சாட்சியைக் கேட்டு வந்த பெண்கள் பேருந்து நிறுத்தத்தில் தன் கையைப் பிடித்துக் குலுக்கியபோது நெஞ்சு நிமிர்ந்தவர். அக்கா அவரை அவசரப்படுத்தவில்லை. இந்த இடத்தில் அவர் எழுந்து கை கழுவிவிட்டால் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அவர் எழவில்லை. மறுபடி கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, என் தங்கச்சி, என் பொண்டாட்டியோடத எடுத்து, தன்னோடதுன்னு மேடையில சொல்லிட்டா. அது தப்பு. நானும் அவ பேச்சக் கேட்டுப் பெருமைப்பட்டேன். எனக்குத் தெரியாது." பிறகு கண்ணைத் திறக்காமலே, "வேற?" என்றார்.

அது தப்பு என்று சொல்லும்படி அவள் கேட்டிருக்கவில்லை. அக்காவின் கண் நிறைந்தது. அதனால் கோபம் குறையவில்லை. இன்னும் தெளிவாகத்தான் ஆனது.

"பாப்பா கூப்பிட்டப்ப ஏன் போகலன்னு கேளுங்க. அவளும் அழுதுதான கூப்பிட்டா. அவளுக்குக் கெடைச்சிருந்தா என்னோடத எடுத்திருக்க மாட்டா. ரெண்டு பேரையும் சேத்துக் கெடுத்தது யாருன்னு கேளுங்க."

"ஆண்டவரே, கேட்டுக்கிட்டீங்கதானே." இதைத் திருப்பிச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. "வேற?"

"என்கிட்ட நெசமாவே இருந்தாரா இல்லையா, அதக் கேளுங்க. இல்ல நானும் சும்மா பேசிக்கிட்டிருந்தேனா."

அவர் நெற்றி சுருங்கியது.

"இத நான் கேக்க மாட்டேன்," என்றார். "மத்ததெல்லாம் சொல்லிட்டேன். இத நீதான் கேக்கணும்."

"நான் பேசறதில்லன்னு சொன்னேன்ல?"

"சரி." அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "ஆண்டவரே, இவ உங்ககூடப் பேசறதில்லயாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். இங்கதான் உட்கார்ந்திருக்கா."

ஆமென் சொல்லாமல் விட்டார். முடிக்காமல் விட்ட ஜெபம் சாப்பாட்டு மேஜை மேல் அப்படியே இருந்தது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை, முகமூடி இல்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் காது நல்ல காது. இப்படி ஒரு இடத்தில் அக்கா வாயைத் திறந்ததே கிடையாது. அவமானம் கழுத்து வரை ஏறியது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம் என்று நாற்காலியின் பக்கவாட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே இருந்தாள்.

"இருந்தீங்களா?" என்றாள்.

அவள் குரல்தான் அது. கோபமாக, கரகரத்து, யாருடைய சாட்சியிலும் கேட்காத குரல்.

கணவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரும் நிமிர்ந்து பார்த்த மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் எழுந்திருப்பதில்லை என்று, ஆறிப்போன சோற்றின் முன்னால், அக்கா உட்கார்ந்திருந்தாள்.